பின்வாசல் இல்லாத தெரு

எங்கள் தெருவைக் கட்டின விதத்தைப் புகழ்ந்து யாராவது பேசினால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டச் சொன்னவர் என் மாமனார். கூடலூரில் எங்கள் தெருவுக்கு அவர்தான் பெரிய தலை.

யுத்த காலம். அறுப்பு முடிந்த சமயம் இரண்டு வீட்டு உழவு மாடுகள் களவு போயின. வீடுகளுக்குப் பின்னால் ஓடிய முடுக்குச் சந்து வழியாகத்தான் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். மாமனார் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். முடுக்கை அடைத்து ஆள் உயரத்துக்கு மேல் மண்சுவர், அதன் தலையில் கருவேல முள். எல்லார் வீட்டுப் பின்வாசலையும் செங்கல் வைத்து மூடச் சொன்னார். தெருமுனையில் நின்ற புங்கமரத்தை, திருடன் மறைவான் என்று வெட்டினார். அங்கே ஒரு மரக்கதவும் பூட்டும் வந்தன. வீடுகளில் மண்ணெண்ணெய் இல்லாமல் இருட்டில் தடவினோம். தெருமுனை விளக்குக்கு மட்டும் எப்படியோ கிடைத்தது. "ஒரே வழி. வாரவன் போறவன் எல்லாரும் எல்லார் கண்ணுலயும் படணும்" என்பார். சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்த முடுக்கு எதற்கெல்லாம் பயன்பட்டது என்று பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதுதான் உயிர். அவள் புருஷன் கைநீட்டுகிறவர். அடி விழத் தொடங்கியதும் பின்வாசல் வழியாக ஓடி எங்கள் கொல்லைக்கு வந்துவிடுவாள். அடுத்த வீட்டுக் கொல்லையில் ஆண்பிள்ளை கால் வைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. அவர் முடுக்கிலேயே நின்று செருமிவிட்டுத் திரும்பிப் போவார். அவள் என்னோடு உட்கார்ந்து மல்லி புடைப்பாள். அவர் கோபம் தணிந்த பிறகு போவாள். முன்வாசல் வழியாக அழுதுகொண்டு வருகிற பெண்ணுக்கோ அந்த மரியாதை கிடையாது. தெருவே சேர்ந்து அவளைத் திரும்ப அவள் வீட்டுக்குள்ளேயே தள்ளிக் கதவைச் சாத்தும்.

மாமனார் தெருக்கதவின் சாவியை யாரிடம் கொடுத்தார் தெரியுமா? அந்த அக்காவின் புருஷனிடம். பொறுப்பான ஆளாம். வாய்க்காலில் தண்ணீர் எடுக்கப் போவதற்குக்கூட அவர் எப்போது வந்து திறப்பார் என்று நாங்கள் குடத்தோடு நிற்க வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அலறல் கேட்டது. ஓடிப் போய் அவர்கள் வாசல் கதவைத் தட்டினேன், உள்ளே தாழ். மாமனாரிடம் ஓடினேன். தெருமுனையில் நாலு பெரியவர்களோடு உட்கார்ந்திருந்தார். அது அவர்கள் வீட்டு விவகாரம், நீ போய் அடுப்பைப் பார் என்றார். தலையைக்கூட முழுதாகத் திருப்பவில்லை.

நான் அடுப்பைப் பார்க்கவில்லை. கடப்பாரையை எடுத்து எங்கள் நெல் அறைப் பக்கமிருந்து அந்தப் பொதுச் சுவரில் போட்டேன். பச்சை மண்கட்டிச் சுவர். திருடர்கள் சுவரைத் துளைத்து எப்படிக் கன்னம் வைப்பார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஓட்டை விழுந்ததும் அவள் தவழ்ந்து வந்தாள். நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். அவர் ஓட்டைக்கு அந்தப் பக்கம் நின்று செருமினார். அப்போதும் வழக்கத்தை விடவில்லை, மகராசன்.

வீட்டுக்குள்ளேயே வைத்துத் துடைத்துவிட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. அவள் கையைப் பிடித்து நடுத்தெரு வழியாகத் தெருமுனைக்கு நடத்திப் போனேன். மறைக்க ஒரு மரம்கூட இல்லை. பெரியவர்கள் குனிந்துகொண்டார்கள். மாமனார், முந்தானையால் மூடி உள்ளே கூட்டிப் போகச் சொன்னார்.

"எல்லார் கண்ணுலயும் படணும்னு நீங்கதான மாமா சொன்னீக" என்றேன். "பாருங்க. பாத்துட்டு, அவுககிட்ட இருக்குற சாவிய வாங்கிக் கதவத் தெறங்க. இவ ஆத்தா வீட்டுக்குப் போகட்டும்."

அவள் கையை விடாமல் அங்கேயே நின்றேன். கடைசியில் மாமனார் எழுந்து போய்ச் சாவியை வாங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் திறந்தார். ஆண்டிபட்டிக்குப் போனவள்தான், அவள் திரும்பவில்லை.

மறுநாள் ஓட்டையை அடைத்தார்கள். மாமனார் சாகும்வரை என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. சுவர் எழும்பின பிறகு அந்தத் தெருவில் களவே நடக்கவில்லை என்று இன்றும் பீற்றிக்கொள்கிறார்கள். பொய். பட்டப்பகலில் நான் கன்னம் வைத்து ஒருத்தியைக் கொண்டுபோனேன். அதில் எனக்கு இன்றுவரை துளி வருத்தமில்லை.