பின்சீட்டுக்காரன்

அம்மா மண்டபம் சாலையில் ஒரு குழி இருந்தது. எதற்கோ தோண்டி, மூடி, மறுபடியும் தோண்டி, கடைசியில் யாருக்கும் வேண்டாமல் விட்டுவிட்ட குழி. அந்தப் பக்கம் போகிற எல்லோருக்கும் அதைத் தெரியும். எனக்கும் தெரியும். அன்று காலை நல்ல வெளிச்சம், கூட்டமும் இல்லை. குழி வருவதை முழுசாகப் பார்த்துக்கொண்டே போய், என் பழைய ஒற்றை சைக்கிளோடு அதற்குள் இறங்கி, பூ விற்கிற அம்மாளின் கூடைக்குப் பக்கத்தில் விழுந்தேன்.

"கண்ணு தெரியலீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் என்னைத் தூக்கிவிட்டார்.

"தெரிஞ்சுதுங்க" என்றேன்.

பொய் சொல்லவில்லை. குழி தெரிந்தது. ஆனால் யாரும் "குழி" என்று சொல்லவில்லை. யாராவது சொல்வார்கள் என்று உடம்பு காத்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு மடத்தனத்தை இரட்டை சைக்கிளின் பின்சீட்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்து வந்தவன் மட்டும்தான் செய்வான். சொல்ல வேண்டியவள் என் மனைவி. அவள் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

எங்கள் தொழிலே கொஞ்சம் விசித்திரம்தான். ஆளின் உயரம், கை நீளம், கால் நீளம் எல்லாம் அளந்து, அவரவருக்கு ஒரு சைக்கிள் செய்து கொடுத்தோம். அதிலும் ஃப்ரீவீல் இல்லாத சைக்கிள். சாதாரண வண்டியில் இறக்கம் வந்தால் காலை நிறுத்திவிட்டு ஹாயாக வரலாம். எங்கள் வண்டியில் சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றும், பெடல்மேல் இருக்கிற காலும் சுற்றியாக வேண்டும். "இந்தக் கஷ்டத்த யாராச்சும் ஆசப்பட்டு வாங்குவாங்களாடா?" என்று என் அப்பா கேட்டார். வாங்கினார்கள். பெங்களூரில், சென்னையில், கம்ப்யூட்டர் முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

ஃப்ரேம் செய்வது அவள். அரியமங்கலத்தில் அவள் அப்பாவுக்கு கேட், கிரில் செய்கிற பட்டறை. திருச்சியில் வெல்டிங் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இரண்டு குழாய் சேருகிற இடத்தில் பித்தளையை உருக்கி ஊற்றி, அரம் போட்டு, விரலால் தடவினால் எங்கே சேர்ந்தது என்றே தெரியாதபடி வழவழப்பாக்குவதற்கு அவளுடைய பிடிவாதம் வேண்டும். நான் தையல். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பை கடை. ஸ்கூல் பை, டிபன் பை, டிராவல் பை. ஒருநாள் அவள் அட்டையில் வெட்டிய முக்கோணம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து கவுன்டரில் வைத்தாள்.

"இதே அளவுல ஒரு பை வேணுங்க. ஃப்ரேமுக்குள்ள கச்சிதமா உக்காரணும். தொடையில உரசக் கூடாது."

முதலில் தைத்தது உரசியது. அடுத்தது தொங்கியது. அதற்கும் அடுத்தது சரியாக உட்கார்ந்தது. நாங்கள் இருவரும் கடை வாசலில் நின்று அந்தப் பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாணம் செய்துகொள்ள அதைவிடப் பெரிய காரணம் எங்களிடம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்னால் தகர ஷெட் போட்டோம். அவள் குழாய் பற்றவைப்பாள். நான் உள்ளே உட்கார்ந்து ஃப்ரேம் பை, துணித் தொப்பி, பெடலில் காலைப் பிடித்துக்கொள்கிற தோல்வார், ஹேண்டில் பார் உறை என்று தைத்துக்கொண்டிருப்பேன். எங்களுக்கென்று செய்துகொண்ட ஒரே வண்டி அந்த இரட்டை சைக்கிள்தான். முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட், இரண்டு ஜோடி பெடலையும் சேர்த்துக் கட்டுகிற ஒரு செயின். ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் சுற்றும். ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிற்க வேண்டியதுதான்.

வழக்கமாக உயரமானவர்தான் முன்னால் உட்காருவார். நான் அவளைவிட ஒரு தலை உயரம். "உங்க கவனத்த நம்பி நான் பின்னாடி உக்கார முடியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதனால் சின்ன உருவமாக அவள் முன்னால், ஒட்டகம் மாதிரி நான் பின்னால். தெருவே வேடிக்கை பார்த்தது. டீக்கடையில் ஒருவர், "அம்மா ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்பார். எனக்குக் கோபம் வரும். அவளுக்குச் சிரிப்பு வந்து வண்டியே ஆடும்.

பின்சீட்டில் இருப்பவனுக்கு ரோடு தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகு, ஹெல்மெட்டுக்குக் கீழே வழிகிற பின்னல், வலப்பக்கம் கொஞ்சம் ஆறு, இடப்பக்கம் கொஞ்சம் ஆறு. அதனால் முன்னால் இருப்பவர் வாயால் சொல்ல வேண்டும் என்பது இரட்டை சைக்கிளின் கட்டாய வழக்கம். "குழி" என்றால் சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்வேன். "மேடு" என்றாலும் அப்படித்தான். "நிக்கிறேன்" என்றால் காலை இறுக்கிச் சக்கரத்தை அடக்குவேன். காவேரிப் பாலத்தில் கான்கிரீட் துண்டுகள் சேருகிற ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மேடு. பாலம் முடிகிற வரை "மேடு... மேடு..." என்று சொல்லிக்கொண்டே போவாள், பஜனை மாதிரி.

மற்றதையெல்லாம் காலே பேசிவிடும். வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினால் பெடல் வெடுக்கென்று இழுக்கும். நான் சோம்பலாக மிதித்தால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும். "தூங்குறீங்களா?" என்பாள், திரும்பாமலே. அந்த வண்டியில் என்னால் எதையும் ஒளிக்க முடிந்ததில்லை. அவளாலும் முடியவில்லை. முக்கொம்பு போய்த் திரும்பும்போது ஒருநாள் பெடலில் அவள் பங்கு குறைந்திருப்பது எனக்குத் தெரிந்தது. களைப்பு என்று நினைத்தேன். வயிற்றில் கட்டி என்று பிறகு சொன்னார்கள்.

புத்தூரில் ஆஸ்பத்திரி. அங்கேயும் அவள்தான் முன்சீட்டில் இருந்தாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. "நாளைலேருந்து எனக்குக் கஞ்சிதாங்க, இட்லி கொண்டு வராதீங்க" என்றாள், டாக்டர் சொல்வதற்கு முன்பே. "முடியெல்லாம் கொட்டப்போவுது, பாத்து பயந்துக்காதீங்க" என்றாள். "இந்தத் தடவ வீட்டுக்கு விட மாட்டாங்க போல" என்றாள். ஒவ்வொன்றும் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சொல்லிவிடுவாள். நானும் மனசை லேசாகத் தூக்கிக்கொள்வேன், அடி அவ்வளவாகத் தெரியாது. கடைசியை மட்டும் அவள் சொல்லவில்லை. நான் கீழே காபி வாங்கப் போயிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த இரட்டை சைக்கிள் கூடத்தில் பழைய போர்வைக்குள் நின்றது. அது நீளமான வண்டி. சமையலறைக்குப் போக அதைச் சுற்றித்தான் போக வேண்டும். தினமும் எங்கேயாவது முட்டியை இடித்துக்கொள்வேன். இடித்த வலியோடு அதைத் திட்டுவேன். அந்த வீட்டில் நான் பேசியதே பெரும்பாலும் அந்தத் திட்டுதான்.

ஷெட்டை இப்போது என் மச்சான் பார்த்துக்கொள்கிறான். அவளுடைய தம்பி, அதே பட்டறையில் வளர்ந்தவன். நான் குழிக்குள் விழுந்த கதை எப்படியோ அவன் காதுக்குப் போய், என் முழங்கையில் போட்டிருந்த கட்டைப் பார்க்க வந்தான். போர்வையை விலக்கி வண்டியைப் பார்த்தான்.

"மாமா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நடுவுல வெட்டி எடுத்துட்டு, முன்பக்கத்தையும் பின்சக்கரத்தையும் சேத்து ஒத்த வண்டியா பண்ணித் தந்துடுறேன். அக்கா செஞ்ச வண்டியிலயே நீங்க போவலாம். சும்மா நிக்கிறத பாத்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எனக்கும் மறுத்துச் சொல்லக் காரணம் எதுவும் தோன்றவில்லை. இரண்டு பேருக்கான வண்டியை வைத்துக்கொண்டு ஒரு ஆள் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை கட்டிங் மெஷினோடு வா என்று சொல்லிவிட்டேன். அவன் போன பிறகுதான் யோசித்தேன். அந்த வண்டியில் வெட்டிப்போட வேண்டிய பகுதி என்றால் அது நான் உட்கார்ந்த இடம்தான்.

ஞாயிறு காலையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று வெளியே எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது, தனியாக ஓட்டுவதென்றால் நான் முன்னால் உட்கார வேண்டும். அவள் சீட் எனக்குப் படு தணிவு. போல்ட்டைத் தளர்த்தி உயர்த்த வேண்டும். உயர்த்திவிட்டால் அவள் உயரம் போய்விடும். வாசலில் ஸ்பேனரும் கையுமாக நின்று அழுதேன். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமி, பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார். பிறகு ஹேண்டில் பாருக்குச் சுற்றுகிற நாடாவில் ஒரு துண்டு வெட்டி, அவள் உயரம் எது என்று தெரியும்படி சீட் கம்பியில் ஒட்டிவிட்டு, சீட்டை உயர்த்தினேன்.

அம்மா மண்டபம் சாலையில் அந்தக் குழியைச் சுற்றிப் போனேன். பூக்கார அம்மாள் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஹேண்டில் பாரில் நான் சுற்றிய தோல் அவள் கை பிடித்த இடத்தில் தேய்ந்திருந்தது. என் கை அந்தத் தேய்மானத்துக்குள் அடங்கவில்லை. பாலத்தில் ஏறினால் எதிரே மலைக்கோட்டை. அந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவள் ஹெல்மெட் மறைக்காமல் அதை நேராகப் பார்த்தது அன்றுதான். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டி லேசாக இல்லை. எனக்குப் பின்னால் என் பெடல்கள் தாமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, அந்தச் செயினின் சத்தம் எனக்கு அவ்வளவு பழக்கம். பைக்கில் போன இரண்டு பையன்கள் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தார்கள்.

"அண்ணே, பின்னாடி உக்காந்திருந்தவங்க விழுந்துட்டாங்கண்ணே!"

சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் திட்டியிருப்பேன்.

"தெரியும் தம்பி" என்றேன்.

அவர்கள் போய்விட்டார்கள். முதல் இணைப்பு வந்தது. சக்கரம் இடித்தது, அடி முழுசாக என் மணிக்கட்டில் ஏறித் தோள்வரை போனது. பின்சீட்டில் இருந்தபோது இந்த அடியை நான் ஒருநாளும் இப்படி வாங்கியதில்லை. எழுந்துகொள்ளத் தயாராக எனக்கு எப்போதும் ஒரு வார்த்தை வந்துவிடும். அவளுக்கு? முன்னால் இருப்பவருக்கு யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு மேட்டையும் அவளே பார்த்து, எனக்குச் சொல்லிவிட்டு, தான் முதலில் வாங்கிக்கொண்டிருக்கிறாள். புத்தூரிலும் அப்படித்தான். கஞ்சி என்று, முடி என்று, வீட்டுக்கு விட மாட்டார்கள் என்று எனக்கு முன்கூட்டியே சொன்னாளே, அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் பின்னால் பத்திரமாக உட்கார்ந்து, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த இணைப்பு வந்தபோது "மேடு" என்றேன். வாய்விட்டு, சத்தமாக.

வீட்டுக்கு வந்தபோது மச்சான் வாசலில் கட்டிங் மெஷினோடு உட்கார்ந்திருந்தான். ஒயரைப் பிளக்கில் மாட்டி, சாக்குப்பை விரித்து, எல்லாம் தயாராக இருந்தது. வியர்த்துப் போய் வந்த என்னையும் உயர்ந்திருந்த முன்சீட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எங்க வெட்டணும் மாமா? சாக்பீஸ்ல கோடு போட்டுக் குடுங்க."

"வெட்ட வேணாம்டா."

"அப்ப பின்னாடி யாரு உக்காருவா?"

"யாருமில்ல."

அவன் பிளக்கைப் பிடுங்கினான். ஒயரைச் சுருட்டிப் பையில் வைத்தான். இருவரும் டீ குடித்தோம். போகும்போது செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனான்.

இப்போது ஞாயிறுதோறும் அதில் போகிறேன். இன்னும் அது கூடத்தில்தான் நிற்கிறது, இன்னும் முட்டியை இடித்துக்கொள்கிறேன். பாலத்தில் நடக்க வருகிறவர்களுக்கு நான் தனக்குத்தானே பேசுகிற ஆள். ஒதுங்கி வழிவிடுகிறார்கள். இணைப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் "மேடு" என்கிறேன். சக்கரம் இடிக்கிறது. நான் வாங்கிக்கொள்கிறேன்.