வேப்பமரத்தடியில் இருந்தவர்

உயர்தர வகுப்பில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தேன். மனித உருவம் மட்டும் கைக்கு வரவேயில்லை. "தாளைப் பார்க்காதை, ஆளைப் பார்" என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பார். பார்ப்பதற்கு ஆள் இருந்தால்தானே? பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டில் ஒருவரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அம்மாவை இருத்தினால் உடனே அடுப்பு நினைவு வந்துவிடும்.

அந்த வருடம் சண்டையால் வடகரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்துக்கு எங்கள் மாட்டுக்கொட்டிலைத் துப்புரவாக்கிக் கொடுத்திருந்தோம். கணவன் விடிந்ததும் கூலிவேலை தேடிப் போய்விடுவார். மனைவி வேப்பமரத்தடியில் கால்களை மடக்கிக்கொண்டு இருப்பார். வெயில் மேலே ஏறினாலும் நகரமாட்டார். வரும் வழியில் காய்ச்சல் கண்டு அவர்களுடைய ஒரே மகள் இறந்துபோயிருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் யன்னலுக்குப் பின்னால் நின்று அவரைப் படமாகக் கீறினேன். ஒரு சொல் கேட்கவில்லை.

கடதாசித் தட்டுப்பாடு. பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் சிரட்டைக்கரியால் கீறினேன். தோள் எப்படி இறங்குகிறது, தலையின் பாரம் எங்கே விழுகிறது என்பதெல்லாம் அவரைப் பார்த்துத்தான் பிடிபட்டது. அவர் எழும்பிவிடக் கூடாதே என்று நினைத்த நாட்களும் உண்டு.

ஒருநாள் காற்று ஒரு தாளை முற்றத்துக்குக் கொண்டுபோனது. நான் ஓடிப்போவதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

"உது நானே?"

"ஓம் அக்கா. கோவிக்காதேங்கோ."

அவர் கோபிக்கவில்லை. "என்ரை பிள்ளையையும் கீறித் தருவியோ? வெளிக்கிட்ட அவதியிலை அவளின்ரை ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு வரேல்லை. நான் சொல்லுறன், நீ கீறு."

அவர் சொல்லச் சொல்லக் கீறினேன். அகன்ற நெற்றி, கன்னத்தில் குழி, ஒட்ட வெட்டிய தலைமயிர். கண்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, காது எந்த உயரத்தில் என்று படித்ததையெல்லாம் சரியாக வைத்தேன். பிழையில்லாத ஒரு சிறுமி வந்தாள். ஆனால் அது எவருடைய பிள்ளையும் இல்லை.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, அவள்தான்" என்றார்.

என்னை நோகடிக்காமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னார். தாளைச் சுருட்டாமல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு கொட்டிலுக்குள் போனார்.

சில கிழமைகளில் அவர்கள் கொடிகாமத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சித்திரப் படிப்புக்கான நேர்முகத்துக்கு நான் கொண்டுபோன படங்களில் பாதிக்கு மேல் அவர்தான்.

"ஆள் ஆடாமல் அசையாமல் இருந்து தந்திருக்கிறா. ஆர், அம்மாவோ?" என்று தேர்வாளர் கேட்டார்.

"இல்லை சேர். எங்கடை வீட்டிலை வந்திருந்த ஒரு அக்கா."

"நல்ல பொறுமைசாலி" என்று சிரித்தார்.

எனக்கு இடம் கிடைத்தது. அம்மா புக்கை பொங்கி அயலுக்கெல்லாம் கொடுத்தார். நான் என் பங்கைத் தொடாமல் வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைத்தேன்.