கெவின் நடக்காத மூன்றடி

எண்பத்தாறில் சுவிஸின் பேர்ண் நகர ஹோட்டல் ஒன்றில் நானும் என் அறைத்தோழன் செல்வமும் கோப்பை கழுவினோம். எங்களோடு கெவின் என்றொரு அயர்லாந்துக்காரனும் இருந்தான். தன் கிராமத்துப் பழைய ரோட்டுகளைப் பற்றி அடிக்கடி சொல்வான். எதிரே சவம் வந்தால், யாருடையது என்று கேட்காமலே வந்த வழியே திரும்பி, சவத்தோடு மூன்றடியாவது நடப்பார்களாம்.

"எங்கடை ஆக்கள் மாதிரித்தான்" என்று செல்வம் மகிழ்ந்துபோனான்.

மாசியில் செல்வம் நிமோனியாவில் இறந்தான். சொந்தக்காரர் எவரும் இங்கே இல்லை. பெட்டி ஏற்றிய கார் மெதுவாகப் போக, பின்னால் ஐந்து பேர்தான் மயானத்துக்கு நடந்தோம். வருவதாகச் சொன்ன கெவின், எதிரே சைக்கிளில் வந்தான். என்னைக் கண்டான். இறங்குவான் என்று நினைத்து நடையைக் குறைத்தேன். அவன் தலையைக் குனிந்தபடி பக்கத்துத் தெருவுக்குள் போய்விட்டான்.

மறுநாள் சமையலறையில், "மூண்டடி நடக்க உனக்கென்னடா கஷ்டம்?" என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டேன்.

தட்டைத் துடைத்தபடியே சொன்னான்: "அது ஊரிலை. இஞ்சை ஆர் பாக்கினம்?"

அதன் பிறகு அவனோடு நான் கதைக்கவில்லை. ஆனால் ஊரில் நான் போன செத்தவீடுகளில், ஆக்கள் பார்ப்பார்கள் என்பதற்காகவே போனவை எத்தனை என்று யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.