நீரெலிக்காரி எடுவினாவின் பழி

எடுவினாவை எங்கள் தீவில் யாரும் நல்லவள் என்று சொல்வதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. சிரித்துப் பேசத் தெரியாது. கோபம் வந்தால் ஆறவும் தெரியாது. ஆனால் பரனா ஆறு கிளை கிளையாகப் பிரிந்து கிடக்கும் இந்தச் சதுப்பில் அவளைப்போல நீரெலி பிடிக்கிறவர் யாரும் இல்லை. பூனையைவிடப் பெரிய பிராணி, ஆரஞ்சு நிறப் பல். தோலை விற்கலாம், கறியைத் தின்னலாம். புருஷன் போனபிறகு அவளும் மகளும் அதை வைத்துத்தான் பிழைத்தார்கள்.

நாங்களும் பொறி வைக்கிறவர்கள்தான். அவள் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள். பௌர்ணமி என்றால் பொறிகள் வீட்டுச் சுவரிலேயே தொங்கும்.

"வெளிச்சத்துல ஆந்தைக்கும் நரிக்கும் பயந்து கோரைக்குள்ளயே கெடக்கும். இருட்டுனாத்தான் புல்லுக்கு வரும். எலும்பு நடுங்குற குளிரா இருந்தா பகல்லயே வெயில் காய வந்துரும்" என்பாள். இதை அவள் பவுடிலியோவிடமும் சொல்லியிருக்கிறாள். அவன் அவளுடைய மகளுக்கு ஞானத்தகப்பன். வாரம் தவறாமல் அவள் வீட்டில் மாத்தே இலைத் தேநீர் குடித்துவிட்டுப் போகிறவன்.

கோரையில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் அந்தப் பொறி கட்டியவருடையது. பட்டினி கிடந்தாலும் அடுத்தவர் துணிப்பக்கம் போகமாட்டோம். எங்களுக்கு இருக்கிற மானம் அது ஒன்றுதான். அந்தக் குளிர்காலத்தில் எடுவினாவின் பொறிகள் மூடிக் கிடந்தன. இரும்பில் ரோமமும் ரத்தமும் இருந்தன, பிராணி இல்லை. பொறிகளுக்குக் காவலாகத் தன் நாய் மோரோவை ஒரு ராத்திரி கரையில் விட்டுவிட்டு வந்தாள். காலையில் அது மண்டை உடைந்து நீரில் மிதந்தது.

பவுடிலியோதான் ஓடிவந்து குழி வெட்டினான். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான்.

"எந்தப் பாவி செஞ்சானோ தங்கச்சி" என்றான்.

"ஒரே அடிண்ணே. அடிக்கிற தூரத்துக்கு அது போயிருக்கு. தெரிஞ்சவன்தான். கெடைப்பான்."

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. மகள் பேசினாலும் பாதிதான் காதில் விழும். எந்த ராத்திரிகளில் திருட்டு நடக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். அமாவாசையை ஒட்டித் திருட்டே இல்லை. அந்த இருட்டில் லாந்தர் வேண்டும், மேட்டிலிருக்கும் அவள் வீட்டுக்கு அது தெரிந்துவிடும். பௌர்ணமியில் திருட ஒன்றும் இருக்காது. பௌர்ணமி கழிந்த நாட்களில்தான் பொறிகள் காலியாகின. அப்போது நிலா தாமதமாக எழும். அதுவரை இருட்டில் நீரெலிகள் மேயும், சில மாட்டிக்கொள்ளும். நிலா எழுந்ததும் மற்றவை கோரைக்குள் ஒதுங்கிவிடும். அதற்குப்பிறகு விளக்கில்லாமல் ஒருவன் வந்து அள்ளிக்கொண்டு போகலாம். அவள் சொல்லிக்கொடுத்ததை வைத்தே அவளிடம் திருடுகிறான் என்று புரிந்தது.

அந்தச் சேற்றில் படகைவிட்டு இறங்கக் கெட்டியான இடம் ஒன்றுதான் உண்டு. அடுத்த பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் இருட்டியதும் அங்கே தண்ணீருக்கடியில், கப்பிபாரா என்கிற பன்றியளவுப் பிராணிக்கென்று புருஷன் வாங்கிய பெரிய பொறியை வைத்துச் சங்கிலியால் மரத்தில் கட்டினாள். கோரை மறைவில் படகை நிறுத்தி, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நிலா எழுந்து வெகுநேரம் ஆகவில்லை. இரும்பு கடித்த சத்தமும் கூடவே அலறலும் கேட்டன. அவள் துடுப்பைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"தங்கச்சி, நான்தான். கால் போச்சும்மா. தொறந்து விடு."

"மோரோ வாலாட்டிக்கிட்டா வந்துச்சு அண்ணே?"

"குலைச்சுரும்னு பயந்துட்டேன்" என்றான் பவுடிலியோ.

"கூப்பிடுங்க. அது வந்தா தொறந்து விடுறேன்."

"செத்த நாய எப்படிம்மா கூப்பிடுறது?"

"பேரு மறந்துபோச்சா?"

தென்கிழக்குக் காற்று ஆற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. முழங்காலளவு இருந்த தண்ணீர் தொடைக்கு ஏறியது. அவன் முதலில் முனகினான். அவள் படகைத் திருப்பப் பார்த்ததும் தொண்டை கிழியக் கத்தினான். "மோரோ! மோரோ!"

தீவில் அத்தனை வீட்டுக்கும் கேட்டது. என் புருஷன் எழுந்து பூட்சைத் தேடினார்.

"பேசாம படுங்க" என்றேன்.

"ஆள் செத்துருவான்டி."

"சாக மாட்டான். அவ விடமாட்டா."

விடிந்தபிறகுதான் அவள் பொறியைத் திறந்தாள். அவன் உதடு நீலமாகியிருந்தது. "போதுமா தங்கச்சி?" என்று கேட்டானாம். "போதாது" என்றாளாம். தானே துடுப்புப் போட்டு அவனைக் கொண்டுபோய் அவன் பெண்டாட்டியிடம் ஒப்படைத்தாள். கால் பிழைத்தது, நொண்டல் தங்கிவிட்டது.

இப்போதும் படகுத்துறையில் நாலுபேர் நிற்கும்போது அவனைப் பார்த்துவிட்டால் அவள் எதிரில் போய் நிற்பாள்.

"மோரோ வந்துச்சா அண்ணே?"

"இன்னும் வரல தங்கச்சி" என்று அவன் சொல்லவேண்டும். சொல்லும்வரை அவள் வழிவிடுவதில்லை.