ஒடெட்டின் காதில் விழாத கப்பல்

பெர்னான் நல்ல பைலட். அதற்கு மேல் அவனைப் புகழ எனக்குத் தோன்றவில்லை. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஏறிவரும் கப்பல்களுக்கு வழிகாட்ட, இருபத்தாறு வருடங்களாக என் படகில்தான் அவனைக் கொண்டுபோய் விடுகிறேன். கப்பல் ஏணியில் கால் வைப்பதற்குள் யாரையாவது குறை சொல்லிவிடுவான். போன வருடம் முழுக்க அந்த யாராவது யுவோன்தான். அவனும் எங்கள் நிலையத்துப் பைலட்.

காரணம், பெர்னானின் மனைவி ஒடெட். கரையோரத்துச் சிறு அறையில், தண்ணீருக்கடியில் இறக்கிய மைக் வழியாக வெள்ளைத் திமிங்கிலங்களைக் கேட்டுக் குறித்துவைப்பது அவள் வேலை. மிச்சம் இருப்பவையே கொஞ்சம். கப்பல் இரைச்சலில் தாயின் குரல் குட்டிக்கு எட்டுவதில்லை. ஆகவே கடந்துபோகும் கப்பல்களையும் எழுதுவாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லோடு. பெர்னானுடையவை ‘டிராக்டர்’, ‘மரமறுக்கும் மில்’. யுவோனுடையது ‘பூனை’. எந்தக் கப்பலில் யார் என்று அவளுக்குத் தெரியாது. பெர்னான் அதை நம்பவில்லை. பூனை என்று ஒருவனைச் சொல்லும் பெண் அவனை எங்கே பார்த்தாள் என்று என்னிடமே இரண்டு முறை கேட்டான்.

ஜூலையில் ஒருநாள், தானும் ‘பூனை’ ஆக வேண்டும் என்று, மணிக்குப் பத்துக் கடல்மைல் வேகம் போதும் என்ற இடத்தில் எட்டில் கப்பலை ஊரவிட்டான். பெருமையோடு வீடு போனவனுக்குப் பட்டாணி சூப்போடு ஒடெட்டிடம் கிடைத்தது இது:

“இன்னைக்கு ஒண்ணு போச்சு பாரு, காதே கிழிஞ்சுது. ஊர்ந்துகிட்டே கத்துச்சு.”

நான்காம் நாள் என் படகில் யுவோனுக்கு எதிரே உட்கார்ந்து, சத்தமில்லாமல் கப்பலை ஓட்டுவது எப்படி என்று கேட்டான். பொறாமைக்காரன் அப்படிக் கேட்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

“வீட்டுலயே ஆள் இருக்கே, கேக்கக் கூடாதா?” என்றான் யுவோன்.

“அவகிட்ட கேக்க முடியாதுன்னுதான் உங்கிட்ட வந்திருக்கேன். சொல்லித் தொலை.”

சில கப்பல்களில் தண்ணீரைத் தள்ளும் சுழலி ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் இலைகளின் சாய்வைக் குறைத்துத்தான் கப்பலை மெதுவாக்குவார்கள். சாய்வு குறையும்போது தண்ணீர் குமிழி விட்டுக் கொதிக்கும், சத்தம் கூடும். அந்த மாதிரிக் கப்பலில் வேகத்தைக் குறைக்கச் சொன்னால் போதாது, சுற்றைக் குறைக்கச் சொல்ல வேண்டும். யுவோன் இதை மறைக்காமல் சொன்னான். அதுவும் பெர்னானுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த முறை அதே மாதிரிக் கப்பல். சுற்றைக் குறைக்கச் சொன்னான். சாயங்காலம் வீட்டில் எதுவும் கேட்காமல் காத்திருந்தான். அன்று காலையில் ஒரு தாயும் குட்டியும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே போனதை ஒடெட் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து தான் பார்த்ததில்லை, தன்னாலும் இல்லை, வேறு எவராலும் இல்லை என்று மறுநாள் என்னிடம் சொன்னான். கடைசியில்தான் அவனைக் கவனித்தாளாம்.

“ஆமா, ஒரு கப்பலும் காதுல விழலையே, நீ இன்னைக்கு வேலைக்குப் போகலையா?”

போனேன் என்று சொல்ல வாயெடுத்து, ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டானாம். இப்போதெல்லாம் திமிங்கிலங்களைத்தான் குறை சொல்கிறான்.