திருகோணமலை மாமா

அம்மாவின் தம்பி திருகோணமலையில் தையல்காரராக இருந்தார். இலங்கை சுதந்திரம் பெற்ற பிறகும் அந்தத் துறைமுகத்தில் ஆங்கிலேயக் கடற்படை தங்கியிருந்தது. மாமா தைத்தது அவர்களுடைய வெள்ளைச் சட்டைகளை. அவர் விடுமுறைக்குத் திருச்சி வந்தால் பாலக்கரையிலிருந்த எங்கள் வீட்டில் பிஸ்கட் வாசனையும் சண்டையும் சேர்ந்தே வரும்.

சண்டை அத்தாவுக்கும், அதாவது என் அப்பாவுக்கும், மாமாவுக்கும்தான். எவ்வளவு சிநேகமானவனாக இருந்தாலும் அடுத்தவன் பட்டாளத்துக்குச் சொந்த மண்ணில் இடம் கொடுக்கக் கூடாது என்பது அத்தாவின் கட்சி. “அவங்க போயிட்டா அந்த ஊரு சாப்பாட்டுக்கு என்ன செய்யும் மச்சான்?” என்பார் மாமா. இரண்டு பேரும் கோபமாகவே ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

ஒருமுறை எங்கள் பெண்கள் பள்ளியில் இதையே பட்டிமன்றமாக வைத்தார்கள். இடம் கொடுக்கலாம் என்ற கட்சியில் நான் பேர் கொடுத்தேன். மாமா அப்போது ஊரில் இருந்ததால் ஆஸ்பத்திரி, ரோடு, வேலை என்று அவரிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். பேச்சைக் கேட்க அவரும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

நன்றாகத்தான் பேசினேன். முடிக்கும்போது பெருமை தாங்காமல், என் மாமாவே அங்கே வேலை பார்க்கிறார், இதோ இருக்கிறார் என்று கையைக் காட்டிவிட்டேன். எதிர்க்கட்சியில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“உங்க மாமா அங்க எங்க வேணும்னாலும் போகலாமோ?”

நான் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். மாமா மெதுவாக எழுந்தார்.

“போக முடியாதும்மா. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நல்ல கடற்கரை ஒண்ணு இருக்கு. அந்த ஊர்ல பொறந்தவங்களே பாஸ் இல்லாம உள்ள போக முடியாது. நான் தையல் ரூம் வரைக்கும்தான் போவேன்.” பிறகு என் பக்கம் பார்த்தார். “ஆனா அங்க தச்சுத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியுது. ரெண்டும் நெசந்தான்.”

நான் தோற்றுப்போனேன். வீடு வரும்வரை மாமாவுக்கு முன்னால் வேகமாக நடந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவரே சொன்னார்: “அந்தப் புள்ள கேட்டது நல்ல கேள்வி. அதுக்கு என்கிட்ட வேற பதில் இல்லையே.”

பிறகு ஒருநாள் அத்தா பத்திரிகையைப் பிரித்து, ஆங்கிலேயர்கள் துறைமுகத்தை இலங்கையிடம் ஒப்படைக்கிறார்கள் என்று உரக்கப் படித்தார். பாதியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மீதியை மனதுக்குள் படித்துக்கொண்டார்.

சில மாதங்களில் மாமா தையல் மெஷினோடு வந்து இறங்கினார். மாமியும் பிள்ளைகளும் கூட வந்தார்கள். அழப்போகிறார் என்று நான் கதவோரம் காத்திருந்தேன். அவரோ சிரித்துக்கொண்டே கதை சொன்னார். கொடி இறங்கிய பிறகு ஒருநாள் வேலியைத் திறந்துவிட்டார்களாம், ஊரே கடற்கரைக்குப் போனதாம். இவரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் நின்றாராம்.

“இத்தனை வருஷமா வேலியைத் தாண்டி காத்துதான் வந்துச்சு மச்சான். தண்ணி அன்னைக்குத்தான் கால்ல பட்டுச்சு.”

அத்தா சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து தன் சைக்கிள் கடையை மதியத்தோடு சாத்திவிட்டு, மாமாவுக்குக் கடை தேடிக் கிளம்பினார். பெரியகடைவீதியில் கிடைக்கவில்லை. பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் தெருத்தெருவாக விசாரித்து, கடைசியில் அப்போது மொட்டையாக நின்ற ராஜகோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மெஷின் போடும் அளவுக்கு இடம் பிடித்தார். அன்று வெயிலில் கருத்துப்போய் வீடு திரும்பியவரிடம், “உங்களுக்கு எதுக்குங்க இந்த அலைச்சல்?” என்றாள் அம்மா.

“ஜெயிச்சது என் கட்சிதானே? அப்ப நான்தான் அலையணும்” என்றார் அத்தா, செம்புத் தண்ணீரை அப்படியே குடித்துவிட்டு.

ஜெயித்தவர் எதற்கு அலைய வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.