கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்

லோயர் கேம்ப்பில் கால்வாய் ஓரம் நின்று தண்ணீர் திறப்பைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது சின்னமனூர் முருகேசன் போனில் கூப்பிட்டார். அவரும் என்னைப் போலப் பத்திரிகைப் புகைப்படக்காரர். வழக்கமாக எடுத்தவுடன் "எங்கன இருக்கீக?" என்பார். அன்று அதைக் கேட்கவில்லை. "காதர் அண்ணன் போயிட்டாக. தேனி ஆஸ்பத்திரியில, காலையில" என்றார். ஒரு படமாவது அனுப்பிவிட்டுக் கிளம்பலாம் என்று கேமராவைத் தூக்கினேன். தண்ணீரும் கரையும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. வண்டியைக் கம்பத்துக்குத் திருப்பினேன்.

காதர் மைதீனை உங்களில் பலர் கால்பந்து மைதானத்தில்தான் பார்த்திருப்பீர்கள். கல்யாணம், அரசியல் கூட்டம், திருவிழா என்று எல்லாவற்றையும் எடுத்தவர்தான். ஆனால் கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ பந்தாட்டம் என்றால் முதல் ஆளாக வந்துவிடுவார். கோல் போஸ்ட்டுக்கு இடப்பக்கம், வெள்ளைக் கோட்டுக்கு இரண்டடி வெளியே, பையைத் தனக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்வார். பை முன்னால் கிடந்தால் கார்னர் அடிக்க ஓடி வருகிறவன் காலில் இடறும் என்பார். பெனால்டி அடிக்கும்போது இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்.

எங்கள் பழக்கம் ஒரு சண்டையில் தொடங்கியது. நான் தேனியில் வேறொரு பத்திரிகைக்கு வேலைக்குச் சேர்ந்த புதிது. உத்தமபாளையத்தில் ஓர் அரையிறுதி. கடைசி நேரத்தில் விழுந்த கோலை எடுக்கப்போனபோது, காதர் அண்ணன் ஆவேசத்தில் எழுந்து நின்றுவிட்டார். என் படத்தில் அவருடைய முதுகு மட்டும்தான் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் நேராகப் போய், "அண்ணே, நீங்க உக்காந்து எடுக்கிறவுகன்னு சொன்னாக. இன்னிக்கு முழுசா மறச்சிட்டீக" என்றேன். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தப்புதான் தங்கச்சி" என்றார்.

அன்று மாலை என் மின்னஞ்சலுக்கு ஒரு படம் வந்திருந்தது. அந்த கோலேதான். அந்தரத்தில் பந்து, கீப்பரின் விரிந்த விரல்கள், எல்லாம் துல்லியமாக. 'நான் மறைத்ததால் உங்களுக்குப் போய்விட்டது. இதைப் போட்டுக்கொள்ளுங்கள். என் பேர் வேண்டாம்' என்று எழுதியிருந்தார். தன் பத்திரிகைக்கு அவர் ஜெயித்தவர்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடும் படத்தை மட்டும் அனுப்பியிருந்தார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. நான் அந்தப் படத்தைப் போடவில்லை. போனில் அழைத்து, "நான் எடுக்காததுக்கு எம் பேரு எதுக்கு?" என்று கேட்டேன். "அப்ப ரெண்டு பேப்பர்லயும் கோல் இல்ல" என்றார். அதற்குப் பிறகு இருவரும் சிரித்தோம்.

இனி, அவரைப் பற்றிக் கம்பத்தில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்த பேச்சுக்கு வருகிறேன். அதற்குக் காரணமான இறுதி ஆட்டத்தை மறந்தவர்கள் குறைவு. கம்பம் அணியும் குமுளிப் பக்கமிருந்து வந்த அணியும் மோதின. அவர்கள் ஒரு கோல் முன்னிலை. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் நம் அணியின் இர்ஃபான் அடித்த பந்து கோல் போஸ்ட்டின் குறுக்குக் கம்பியின் அடியில் பட்டுக் கீழே விழுந்து வெளியே தெறித்தது. கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா? மதுரையிலிருந்து வந்திருந்த இளம் ரெஃபரி கோல் இல்லை என்று கை காட்டினார். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. யாரோ ஒருவர், "காதர் பாய் எடுத்திருப்பாரு, அவரக் கேளுங்க" என்று குரல் கொடுத்தார்.

இர்ஃபான் காதர் அண்ணனின் உடன்பிறந்த தங்கை மகன். அவன்தான் முதலில் ஓடி வந்தான். "மாமா, காட்டுங்க மாமா." கூட்டம் அவன் பின்னால் நின்றது. சிலர் கையில் கல் இருந்ததை நானே பார்த்தேன். காதர் அண்ணன் கேமராவிலிருந்து கார்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். "ரெஃபரி கேட்டா அவருக்குக் காட்டுறேன். வேற யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றார். ரெஃபரி முகம் வெளுத்துப்போய் நின்றார். "நான் பார்த்ததச் சொல்லிட்டேன். படம் பார்த்து மாத்துறதுக்கு விதி இல்ல" என்றார். காதர் அண்ணனைப் பிடித்துத் தள்ளினார்கள். சட்டை கிழிந்தது. பையை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். போலீஸ் வந்த பிறகுதான் கூட்டம் விலகியது. கம்பம் தோற்றது.

மறுநாள் பத்திரிகையிலும் அந்தப் படம் வரவில்லை. காசு வாங்கிவிட்டார் என்றார்கள். படம் எடுக்கவே இல்லை, தூங்கிவிட்டார் என்றார்கள். அவர் தங்கை அவரோடு பேசுவதை நிறுத்தினார். பெருநாளைக்குக்கூட அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. எனக்கும் அவர் செய்தது பிடிக்கவில்லை. "உண்மை உங்க பையில இருந்துச்சு. மறச்சிட்டீக" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அந்தக் கூட்டம் உண்மையக் கேக்கல தங்கச்சி. அடிக்க ஒரு ஆளக் கேட்டுச்சு. அந்த ரெஃபரிப் பயலுக்கு உங்க தம்பி வயசு இருக்கும்" என்றார். மறுநாளாவது போட்டிருக்கலாமே என்று விடாமல் கேட்டேன். "அவரு திரும்ப இந்தப் பக்கம் வர வேணாமா?" என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பல முறை இதே வாக்குவாதம் நடந்தது. ஒவ்வொரு முறையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் பாதி நாள் தேனிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஊசி ஏற்றுகிற கையில் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பெரிய லென்ஸை ஒற்றைக் கால் ஸ்டாண்டில் மாட்டி, மற்ற கையால் பிடித்துக்கொண்டு வந்தார். பையைத் தூக்க யாரையும் விடவில்லை.

சுருளிப்பட்டியில் நடந்த ஓர் ஆட்டம். முதல் பாதி முடிந்து அணிகள் பக்கம் மாறின. நாங்களும் கூடவே மறுமுனைக்கு நடப்பதுதான் வழக்கம், உள்ளூர் அணி கோல் அடிக்கப்போவது அந்தப் பக்கம்தான். காதர் அண்ணன் எழப் பார்த்தார். முடியவில்லை. ஷூ கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். முருகேசன் என்னைப் பார்த்தார். வந்திருந்த நான்கு பேரும் அதே முனையில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். எல்லா கோலும் எதிர்முனையில் விழுந்தன. "பந்து அங்கன இருக்கு, நீங்க இங்கன என்ன பண்றீக?" என்றார் காதர் அண்ணன். "அங்கன வெயில் முகத்துல அடிக்குதுண்ணே" என்றார் முருகேசன். வெயில் எங்கள் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. காதர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்று எங்கள் அலுவலகங்கள் எல்லாவற்றிலும் திட்டு விழுந்தது. எந்தப் பத்திரிகையிலும் கோல் படம் இல்லை.

அதுதான் அவருடைய கடைசி ஆட்டம்.

கம்பத்தில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் உள்ளே ஓதிக்கொண்டிருந்தார்கள். தங்கையும் அவர்களோடு இருந்தார், சுவரோடு சாய்ந்து. உடலைக் கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பியதும் நான் வாசல் பந்தலுக்கு வந்தேன். இர்ஃபானோடு நின்றிருந்தவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. மதுரை ரெஃபரி. தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

அவர் சொன்னது இதுதான். இறுதி ஆட்டத்துக்கு மறுநாள் காலை மதுரை பஸ்ஸுக்காக அவர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறார். கிழிந்த சட்டையை மாற்றிக்கொண்டு காதர் அண்ணன் வந்திருக்கிறார். கேமராத் திரையில் படத்தைக் காட்டியிருக்கிறார். பந்து முழுதாக உள்ளே இருந்தது.

"எதுக்கு எனக்குக் காட்டுறீங்கன்னு கேட்டேன்" என்றார் ரெஃபரி. "'உங்களுக்குத் தெரியாமப் போகக் கூடாதுல்ல'ன்னாரு. 'நான் கோட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன், நீங்க தூரத்துல இருந்து ஓடி வந்துக்கிட்டு இருந்தீக, உங்க எடத்துல எனக்கும் தெரிஞ்சிருக்காது'ன்னாரு. வெளிய சொல்றதும் சொல்லாததும் என் இஷ்டம், அவரு வாயில இருந்து வராதுன்னாரு." ரெஃபரி தன் தவறைத் தானே ரெஃபரிகள் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச காலம் விசில் எடுக்காமல் இருந்து, மறுபடி படித்துத் தேறி வந்திருக்கிறார். "இந்த ஊர்ல அவர இவ்வளவு பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்து சொல்லியிருப்பேன்."

இர்ஃபான் உள்ளே போனான். மாமியிடம் கேட்டு மாமாவின் லேப்டாப்பைத் திறந்தான். ஆட்டங்களை ஊர்வாரியாக அடுக்கி வைத்திருந்தார், தேட வேண்டியிருக்கவில்லை. அவன் அம்மா அருகில் வந்து நின்று பார்த்தார். வலைக்கு முன்னால் பந்து. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே பச்சையாகக் கொஞ்சம் புல். அந்த அம்மா, "இத ஒத்த வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா எங்கண்ணன்" என்றார். இர்ஃபான் லேப்டாப்பை மூடினான்.

ரெஃபரி, நான் எழுதுவதானால் படத்தையும் சேர்த்துப் போடச் சொன்னார். இந்த அஞ்சலியோடு அந்தப் படம் வரவில்லை. அவர் போடாததை நான் போட எனக்கு மனமில்லை. ஆனால் அவர் காசு வாங்கவில்லை, தூங்கவும் இல்லை என்பதை அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். சரியாகத்தான் செய்தார் என்று இன்றும் என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. வாக்குவாதம் செய்ய அவர் இல்லாததுதான் கஷ்டமாக இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். அடிபட்டு விழுந்தவனை அவர் எடுக்க மாட்டார். லென்ஸைப் புல்லைப் பார்க்கத் திருப்பிவிடுவார். "அவன் ஆத்தாவும் காலையில பேப்பர் பாப்பா" என்பார். போன ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்தில் ஒரு ஆட்டக்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் முன்னாலேயே விழுந்தான். வலியில் முகம் கோணியிருந்தது. நல்ல வெளிச்சம். நான் கேமராவைத் தாழ்த்தினேன். பக்கத்தில் பார்த்தேன். முருகேசனின் லென்ஸும் கீழே போயிருந்தது. மற்றவர்களுடையதும். அவன் எழுந்து நொண்டியபடி நடக்கத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் மறுபடி எடுத்தோம்.